டெண்டரில் ஒரு வரி

தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டத்தின் நீதிமன்றக் கணினிகளில் ஓடுவது உபுண்டு லினக்ஸ். நாட்டின் மற்ற கீழமை நீதிமன்றங்களைப் போலவே இங்கும் வழக்கு எண்ணும் வாய்தா தேதியும் லினக்ஸில்தான் ஏறுகின்றன. வாசலைத் தாண்டி வெளியே வந்தால் கதை வேறு. பத்திரம் எழுதுபவர் மேசை, ஜெராக்ஸ் கடை, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் ஒற்றை ஷட்டர் கடை என்று எங்கு பார்த்தாலும் விண்டோஸ். அதிலும் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் அபூர்வம். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஏறத்தாழ ஒரே வகைப் பெட்டிதான். அதே இன்டெல் சில்லு, அதே கிழக்காசிய மதர்போர்டு, அதே யு.பி.எஸ். பிறகு எங்கே பிரிந்தது?

வாங்கிய விதத்தில் பிரிந்தது. உள்ளே இருக்கும் கணினியை வாங்கியவர்கள், இது லினக்ஸில் ஓட வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் கேட்டார்கள். வெளியே இருப்பவர், கடைக்காரர் ‘ஓ.எஸ். போட்டு’ கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தார். தமிழ்நாட்டில் லினக்ஸுக்காகக் கணினி தேர்ந்தெடுத்த கதைக்கு முப்பது வயதாகப் போகிறது. அந்தக் கதை முழுக்க இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

கதையின் முதல் பக்கத்திலேயே வன்பொருள் வந்துவிடுகிறது. ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில், தவணை முறையில், 33 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள 386 கணினி ஒன்றை வாங்கினார். நினைவகம் 4 எம்.பி. அதே ஆண்டு ஆகஸ்ட் 25-ந் தேதி, தான் ஒரு இயங்குதளம் எழுதி வருவதாக உலகுக்கு அறிவித்தபோது, இது 386-க்கு மட்டும்தான், தன்னிடம் இருக்கும் வகை ஹார்டு டிஸ்க்கைத் தவிர வேறு எதிலும் ஓடாது, அநேகமாக ஓடவும் போவதில்லை என்கிற பொருளில் சொல்லி வைத்தார். தன் வீட்டில் இருந்த ஒரே பெட்டிக்காக எழுதப்பட்டது, பிறகு உலகின் அத்தனை பெட்டிகளிலும் ஏறியது. பிறந்த வீடான 386-க்குத்தான் பிற்பாடு இடமில்லாமல் போனது. 2013-ல் வந்த 3.8 பதிப்போடு லினக்ஸ் அந்தச் சில்லைக் கைவிட்டுவிட்டது.

லினக்ஸுக்கு முன்பே அதன் மூதாதையான யூனிக்ஸ் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் வரை வந்திருந்தது என்பது இன்று பலருக்கு நினைவிருக்காது. வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு 1984-ல் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து கிளைகளுக்குப் பேரேடு எழுதும் இயந்திரங்கள் வந்தன. பின்னாலேயே ஒரு யூனிக்ஸ் கணினியும் அதோடு கம்பி இழுத்துக் கட்டிய பச்சை எழுத்துத் திரைகளும் வந்தன. எச்.சி.எல்., விப்ரோ போன்ற இந்திய நிறுவனங்கள் யூனிக்ஸ் பெட்டிகளைத் தயாரித்ததற்குக் காரணம் தத்துவம் அல்ல. வங்கிகள் என்கிற பெரிய வாடிக்கையாளர் அதைக் கேட்டார், அவர்கள் செய்தார்கள். சுட்டி கிடையாது, படம் கிடையாது. பாஸ்புக்கைச் செருகினால் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி கிறீச்சிடும். அவ்வளவுதான் கணினி.

லினக்ஸ் வந்த வழி இதற்கு நேரெதிர். அதை யாரும் கேட்கவில்லை. பத்திரிகையோடு இலவசமாக வந்தது. ‘பிசி குவெஸ்ட்’ என்ற ஆங்கில மாத இதழ் 1996-ல் ஸ்லாக்வேர் லினக்ஸ் அடங்கிய குறுந்தகட்டைத் தன் வாசகர்களுக்கு அனுப்பியது. பெங்களூரின் அதுல் சிட்னிஸ் அதற்குப் பின்னால் இருந்தவர்களில் முதன்மையானவர். பிறகு ஆண்டுதோறும் ரெட்ஹேட்டை அடிப்படையாகக் கொண்ட அதன் சொந்தப் பதிப்பும் வந்தது. இணைய வேகம் நொண்டியடித்த காலத்தில் 600 எம்.பி. மென்பொருளைத் தொலைபேசிக் கம்பி வழியே இறக்குவது நடக்கிற காரியமல்ல. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆழ்வார்திருநகரி போன்ற ஊர்களில் இருந்தவருக்குத் தபாலில் வரும் தகடுதான் ஒரே வழி.

தகடு வந்துவிட்டது. பெட்டியில் ஏற வேண்டுமே?

அன்றைக்குத் தமிழ்நாட்டில் விற்ற கணினிகளில் பெரும்பங்கு ‘அசெம்பிள்டு’. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலிருந்து மதர்போர்டும் ராமும் கேபினெட்டும் தனித்தனியாகப் பார்சல் சர்வீஸில் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் வரும். அங்கே ஒரு மாடிக் கடையில் திருகாணி முடுக்கி ஒன்றாக்கி, விண்டோஸைப் பதிந்து, ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். ரிச்சி தெரு வானொலி வால்வு காலத்திலிருந்தே மின்னணுச் சாமான்களின் சந்தை. அங்கே விலைப்பட்டியலில் இருந்தது பிராண்டின் பெயர் அல்லது கொள்ளளவு: மெர்க்குரி போர்டு, 64 எம்.பி., 10 ஜி.பி. என்ற ரகம். போர்டின் மேல் உட்கார்ந்திருக்கும் சில்லை யார் செய்தது என்று எவரும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. லினக்ஸுக்கோ வெளியே ஒட்டிய பெயர் ஒரு பொருட்டே இல்லை. உள்ளே இருப்பது சிஸ்ஸா, வியாவா, எஸ்3-யா, டிரைடென்ட்டா என்பதுதான் கேள்வி. வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே பொருளைப் பற்றி இரண்டு வேறு மொழிகளில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

திரையில் படம் வர வைப்பதே பெரும்பாடு. எக்ஸ்ஃப்ரீ86 என்ற வரைகலை அமைப்புக்கு ஒரு கோப்பில் கார்டின் சில்லு எது, மானிட்டரின் கிடைமட்ட அதிர்வெண் என்ன, செங்குத்து அதிர்வெண் என்ன என்று எண்களைக் கையால் நிரப்ப வேண்டும். மானிட்டரோடு வந்த கையேடு தொலைந்திருந்தால் ஊகம்தான். தவறான எண் கொடுத்தால் பழைய படக்குழாய் மானிட்டர் கெட்டே போகலாம் என்ற எச்சரிக்கை அந்த ஆவணங்களிலேயே அச்சிடப்பட்டிருந்தது. 1999-ல் இன்டெல் 810 சிப்செட் மதர்போர்டிலேயே வரைகலையையும் சேர்த்துக்கொண்டு வந்தது. அதற்குத் திறந்த மூல டிரைவர் எழுத இன்டெல் ஆதரவும் கொடுத்தது. விளையாட்டுப் பிரியர்கள் அந்தச் சில்லைக் கேலி செய்தார்கள். லினக்ஸ்காரர்களுக்கு அது வரம். ‘ஆன்போர்டு இன்டெல் போதும்’ என்ற அறிவுரை அன்று பிறந்தது. இன்றுவரை பெரும்பாலும் செல்லுபடியாகிறது.

அதைவிடப் பெரிய தொல்லை மோடம். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையத்தை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொடக்கத்தில் மோடம் என்றால் மேசை மேல் தனியாக உட்கார்ந்து விளக்குகள் மினுக்கும் பெட்டி. சீரியல் போர்ட்டில் செருகினால் எந்த இயங்குதளமும் அதோடு பேசும். விலை அதிகம். சில ஆண்டுகளில் கணினிக்குள்ளேயே செருகும் மலிவான அட்டைகள் வந்தன. மோட்டோரோலா எஸ்எம்56, லூசன்ட், கோனெக்ஸன்ட் என்று பல. இவற்றின் விலை குறைந்ததற்குக் காரணம் எளிது: மோடத்தின் வேலையில் பெரும்பகுதியைச் செய்யும் சில்லைக் கழற்றிவிட்டு, அந்த வேலையை விண்டோஸில் ஓடும் மென்பொருளின் தலையில் கட்டிவிட்டார்கள். அட்டையில் மிஞ்சியது கிட்டத்தட்ட ஒரு தொலைபேசி இணைப்பும் சில பாகங்களும்தான். ‘வின்மோடம்’ என்ற பெயர் இந்த வகைக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. லினக்ஸைத் துணிந்து ஏற்றியவர், திரையைச் சரிசெய்து, ஒலியைச் சரிசெய்து, கடைசியில் இணையத்துக்குள் போக முடியாமல் உட்கார்ந்திருப்பார். வழி தேட வேண்டிய தகவல் இணையத்தில் இருக்கும்; இணையமோ விண்டோஸில் மட்டும் வரும்.

இத்தனைக்கு நடுவில் முணுமுணுக்காமல் வேலை செய்த சாமான்களும் உண்டு. டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் எம்எஸ்பி வரிசை டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி அவற்றில் ஒன்று. அது எப்சன் அச்சுப்பொறிகளின் கட்டளை மொழியையே பேசியது. அந்த மொழி ஊரறிந்தது. எழுத்தை அனுப்பினால் எழுத்தை அடித்துவிடும். கூட்டுறவுச் சங்கத்திலும் அரிசி ஆலையிலும் ரிப்பன் மாற்றி மாற்றி அடித்த அந்த இயந்திரத்துக்கு எந்த இயங்குதளமும் ஒன்றுதான். சத்தம் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும்.

2005-ல் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டை இணைப்பைக் கொண்டுவந்தபோது மோடம் சிக்கல் ஒரே நாளில் தீர்ந்தது, ஆனால் வேண்டுமென்று யாரும் தீர்த்து வைக்கவில்லை. புதிய மோடத்தில் இரண்டு துளைகள்: ஒன்று யு.எஸ்.பி., மற்றொன்று ஈதர்நெட். யு.எஸ்.பி. வழியாகச் செருகினால் விண்டோஸ் டிரைவர் குறுந்தகடு தேவை. ஈதர்நெட் கம்பியைச் செருகினால் எதுவும் தேவையில்லை. லினக்ஸ் உடனே இணையத்துக்குள் போய்விடும். பின்னர் 2010-ஐ ஒட்டி டாட்டா ஃபோட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட் போன்ற டாங்கிள்கள் வந்தபோது பழைய நோய் புது உருவில் திரும்பியது. செருகியதும் பல டாங்கிள்கள் தம்மைக் குறுந்தகடு என்று காட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் விண்டோஸ் மென்பொருளைப் பதிந்த பிறகே மோடமாக மாறும். அந்த வேடத்தைக் கலைப்பதற்கென்றே ‘யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ என்ற சிறு நிரலை ஆர்வலர்கள் எழுத வேண்டியிருந்தது.

இந்தக் காலம் முழுக்கத் தமிழ்நாட்டில் அறிவைப் பகிர்ந்து கொடுத்தவை பயனர் குழுக்கள். சென்னையின் லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. காஞ்சிபுரத்தில் ஒரு குழு, விழுப்புரத்தில் ஒரு குழு என்று கிளைத்தது. 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ இணைய இதழ் இவற்றையெல்லாம் தமிழிலேயே எழுதத் தொடங்கியது. எந்த அட்டை ஓடும், எது ஓடாது என்பது இந்த வட்டங்களில் வாய்வழியாகப் பரவிய செய்தி. ஆனால் வட்டம் சிறியது. ஊரில் ஒருவர் கேட்டதற்காக ரிச்சி தெரு மொத்த வியாபாரி தன் கொள்முதலை மாற்றப்போவதில்லை.

மாற்றும்படி கேட்கக்கூடிய ஆள் ஒருவர் 2006-ல் வந்தார். தமிழ்நாடு அரசின் மின்னணுக் கழகமான எல்காட் 1977-ல் தொடங்கப்பட்டது. அரசுத் துறைகளுக்குக் கணினி வாங்கித் தரும் பெரும் வேலை அதனுடையது. அதன் நிர்வாக இயக்குநராக வந்த சி. உமாசங்கர், முன்பு திருவாரூர் மாவட்ட ஆட்சியராக இருந்து அங்குள்ள வட்டாட்சியர் அலுவலகங்களைக் கணினிமயமாக்கியதற்காகப் பெயர் பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவர் முதலில் எல்காட் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபிஸுக்கும் மாற்றினார். பிறகு அரசுப் பள்ளிகளுக்கு வாங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளும் சூசேயோடு வரும்படி செய்தார். இந்தியாவிலேயே பெரிய லினக்ஸ் மாற்றங்களில் ஒன்று என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதின.

இங்கேதான் அந்த ஒரு வரி. தனி ஆள் கடையில் நின்று ‘இந்த வைஃபை லினக்ஸில் ஓடுமா?’ என்று கேட்டால் கடைக்காரர் தோளைக் குலுக்குவார். பல ஆயிரம் கணினிகளுக்கான டெண்டரில் ‘லினக்ஸில் இயங்க வேண்டும்’ என்று இருந்தால், கேள்வி கேட்கும் பொறுப்பு விற்பவருக்குப் போய்விடுகிறது. டிரைவர் இல்லாத சில்லை அவரே ஒதுக்கிவிடுவார். அல்லது தன் சப்ளையரை நெருக்கி டிரைவரை வாங்கி வருவார். வாங்குபவர் சில்லுகளின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பத்து ஆண்டுகளாகக் கருத்தரங்குகளில் பேசிச் சாதிக்க முடியாததை ஒரு கொள்முதல் நிபந்தனை சாதித்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும் இதே வழியில் போய், 2000-களின் பிற்பகுதிக்குள் பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டது. அங்கே அது அரசு மாறினாலும் நிலைத்தது. தமிழ்நாட்டில் அதிகாரி மாறியதும் வேகம் தணிந்தது. இரண்டு மாநிலங்களுக்கும் உள்ள வேறுபாடு, கேரளத்தில் பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் லினக்ஸோடு சேர்ந்தே மாறின என்பதுதான்.

நீதிமன்றங்களின் கதை இன்னும் அமைதியானது. உச்ச நீதிமன்றத்தின் மின்குழு வழிநடத்திய இ-கோர்ட்ஸ் திட்டத்தின் முதல் கட்டம் 2007-ல் தொடங்கியது. நீதிபதிகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் முதலில் ரெட்ஹேட், பிறகு உபுண்டு. வழக்குத் தகவல் மென்பொருளும் கட்டற்ற மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. முதல் கட்டம் முடிந்தபோது 14,249 நீதிமன்றங்கள் கணினிமயமாகியிருந்தன. இரண்டாம் கட்டத்தில் ஒரு நீதிமன்றத்துக்கு 4 கணினி என்றிருந்தது 8 ஆனது. நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும், பின்னர் வழக்கறிஞர்களுக்கும், உபுண்டு பயிற்சி நடந்தது. ‘எங்களுக்குப் பழகவில்லை’ என்ற முணுமுணுப்பு இருந்திருக்கும். ஆனாலும் பெட்டி வாங்கும்போதே முடிவாகிவிட்டதால் திரும்பிப் போக வழியில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் லினக்ஸை அன்றாடம் தொடுபவர்களில் பெரும்பாலோருக்கு அதன் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். அதுதான் அதன் வெற்றி.

தோற்ற கதையையும் சொல்லத்தான் வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம், ஐந்தாண்டுகளில் 68 லட்சம் மாணவர்களை எட்டத் திட்டமிட்டது. முதல் தவணைப் பெட்டிகளில் 2 ஜி.பி. நினைவகம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க். இயங்குதளம் இரண்டு: விண்டோஸ் ஒன்று, சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மற்றொன்று. வன்பொருளைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் ஓடும்படி கேட்டார்கள், இரண்டும் ஓடின. ஆனால் பெட்டியைத் திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் பாஸைத் தேர்ந்தெடுக்க மாணவருக்கு ஒரு காரணமும் கொடுக்கப்படவில்லை. பாடம் அதில் இல்லை, பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அது தெரியாது. ‘ஃபார்மேட் அடிக்க’ கடைக்குப் போன மடிக்கணினி திரும்பி வரும்போது பாஸ் இருந்த இடம் படங்களும் பாடல்களும் வைக்கும் இடமாகியிருக்கும். பெட்டியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான் என்பதற்கு இதைவிடப் பெரிய, இதைவிட விலையுயர்ந்த சான்று கிடைக்காது.

இனி மறுபடி நீதிமன்ற வாசலுக்கு வெளியே. அங்கே லினக்ஸ் நுழையாததற்குக் காரணங்களை அடுக்கினால் கணக்கு எழுத டாலி விண்டோஸில் மட்டும் ஓடும் என்பது ஒன்று. தமிழ் தட்டச்சுக்குப் பழகிய வானவில் போன்ற பழைய எழுத்துரு மென்பொருள்கள் ஒன்று. ஆதாருக்கு விரல் ரேகை பிடிக்கும் கருவிகள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் மட்டுமே நம்புவது இன்னொன்று. ஆனால் பத்திரம் எழுதும் மேசையைப் பார்த்தால் கண்ணில் முதலில் படுவது சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய லேசர் அச்சுப்பொறி: கேனான் எல்பிபி 2900. இதைப் பற்றி விரித்துச் சொன்னால்தான் முழுச் சிக்கலும் புரியும்.

2000-களின் நடுவில் வந்த இந்த இயந்திரம் இன்றும் தமிழ்நாட்டின் ஜெராக்ஸ் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 12 பக்கம். உடைவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. டோனர் தீர்ந்தால் தூள் நிரப்பித் தர ஊருக்கு ஒரு ஆள் உண்டு. அதன் பக்கத்து மேசையில் அநேகமாக எச்.பி. லேசர்ஜெட் 1020 இருக்கும். எச்.பி.யின் சிறிய லேசர் இயந்திரங்களுக்கு அச்சிடும் எந்திரத்தைச் செய்து கொடுப்பது கேனான்தான் என்பதால் இரண்டும் உள்ளுக்குள் உறவு. டோனர் உருளையும் ஒரே வார்ப்பு: எச்.பி.யில் அது 12ஏ, கேனானில் 303. நிரப்புகிற ஆளுக்கு இரண்டும் ‘12ஏ’ தான்.

லினக்ஸுக்கு மட்டும் இரண்டும் லேசில் எட்டாத தூரம். இரண்டுமே மூளை இல்லாத இயந்திரங்கள். உள்ளே 2 எம்.பி. நினைவகம்தான். பழைய டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸுக்கு ‘அ’ என்றால் ‘அ’ புரியும். இவற்றுக்கு எழுத்தும் தெரியாது, பக்கமும் தெரியாது. பக்கத்தை முழுக்கப் புள்ளிகளாக மாற்றி, சுருக்கி, தனக்கென்று வைத்திருக்கும் ரகசிய வடிவத்தில் கணினி அனுப்ப வேண்டும்; இயந்திரம் டிரம்மைச் சுழற்றும். வின்மோடத்தில் செய்த அதே சிக்கனம். எச்.பி. 1020-ன் வடிவத்தை ரிக் ரிச்சர்ட்சன் என்ற நிரலாளர் அலசி ‘ஃபூ2இசட்ஜேஎஸ்’ என்ற டிரைவரை எழுதிவிட்டார், எச்.பி.யும் தன் பங்குக்கு லினக்ஸ் மென்பொருள் கொடுத்தது. ஒரு வினோதம் மட்டும் மிச்சம். ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் 1020 தன் உள்மென்பொருளை மறந்துவிடும்; கணினி அதை மறுபடி ஊட்ட வேண்டும். மின்வெட்டு காலத்தில் இது எத்தனை முறை நடந்திருக்கும் என்று கணக்கிட வேண்டாம். கேனான் 2900-ன் வடிவத்துக்குப் பெயர் காப்ட். கேனான் அதற்கு லினக்ஸ் டிரைவர் வெளியிட்டது உண்மை. அது 32-பிட் காலத்துப் பொருள், புதிய பதிப்புகளில் ஏற்ற எத்தனையோ சடங்கு, பாதியில் தொங்கிப்போவது வாடிக்கை. ஆர்வலர்கள் தாங்களே ஒரு மாற்று டிரைவர் எழுதினார்கள். சிலருக்கு ஓடுகிறது.

ஆக, வாடிக்கையாளர் எதிரே நிற்க, முத்திரைத்தாளை வைத்து அடிக்க வேண்டிய பத்திர எழுத்தரிடம் போய் விண்டோஸை எடுத்துவிடுங்கள் என்று சொல்வதில் நியாயமில்லை. அவர் கையில் இருப்பது கணினி அல்ல, அச்சுப்பொறியோடு சேர்ந்த ஒரு தொழில். பல ஆண்டுகளுக்கு முன் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய அந்தச் சாம்பல் பெட்டிதான் அவருடைய இயங்குதளத்தைத் தீர்மானித்திருக்கிறது.

வரைகலை அட்டைகளின் சண்டை உலகறிந்தது என்பதால் சுருக்கமாகச் சொன்னால் போதும். என்விடியா தன் டிரைவரின் மூலத்தைப் பல ஆண்டுகள் மூடியே வைத்திருந்தது. 2012-ல் பின்லாந்தில் ஒரு மேடையில் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டித் திட்டியது அதற்காகத்தான். 2022-ல்தான் அந்நிறுவனம் தன் கெர்னல் பகுதியைத் திறந்தது. ஏ.எம்.டி. 2007-லேயே ஆவணங்களைத் திறக்கத் தொடங்கியிருந்தது. எனவே இன்று புதுக் கணினி வாங்குபவருக்கு இன்டெல் அல்லது ஏ.எம்.டி. வரைகலை என்றால் கேள்வியே இல்லை. வைஃபை அப்படியல்ல. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யுஎன்722என் என்ற யு.எஸ்.பி. டாங்கிள் லினக்ஸ்காரர்களிடையே பெயர் பெற்றது. அதன் முதல் பதிப்பில் இருந்த ஏதெரோஸ் சில்லு செருகியவுடன் ஓடும். பெயரைக் கேட்டு வாங்கியவர்கள் பிறகு ஏமாந்தார்கள், ஏனென்றால் இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் சில்லு. பெட்டி அதே, எண் அதே. பின்புற ஸ்டிக்கரில் ‘வி2’ என்று பொடி எழுத்தில் இருக்கும். ரிச்சி தெருவில் அன்று சொல்லப்படாமல் போன சில்லின் பெயர், இன்று ஆன்லைன் கடையின் பக்கத்திலும் சொல்லப்படுவதில்லை.

இந்தப் பகுதியில் கணினி வாங்கும் கணக்கைச் சமீபத்தில் இரண்டு நிகழ்வுகள் கலைத்துப் போட்டன. முதலாவது 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னை போக வேண்டிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது நாடறிந்த செய்தி. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது மேசைக்குக் கீழே தரையில் வைக்கும் சிபியு பெட்டியும் யு.பி.எஸ்ஸும் தப்ப வழியில்லை. கடைத்தெருவில் பலர் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. இரண்டாவது, 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத சில்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான பழைய பெட்டிகள் அதில் கழிந்துபோயின. அதே சமயம் 2025 கடைசியில் ராம் விலையும் தாறுமாறாக ஏறியது. புதிதாக வாங்குவதா, பழையதில் லினக்ஸைப் போடுவதா என்ற கேள்வி முதல்முறையாக ஆர்வலர் அல்லாதவர்களிடமும் வந்திருக்கிறது.

அவர்களுக்குச் சாதகமான செய்தி, கடினமான பகுதியான அச்சுப்பொறிச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிட்டது என்பது. ஆப்பிள் 2010-ல் ஐபோனிலிருந்து டிரைவர் இல்லாமல் அச்சிட ஏர்பிரின்ட் முறையைக் கொண்டுவந்தது. பொதுத் தரமாக ஐபிபி எவ்ரிவேர் 2013-ல் வந்தது. இவற்றைப் பேசும் அச்சுப்பொறி எதுவும் லினக்ஸில் தனி டிரைவர் கேட்பதில்லை. கைபேசியிலிருந்து அச்சிட வேண்டும் என்று கோடிக்கணக்கானோர் கேட்டார்கள், கம்பெனிகள் செய்தன, லினக்ஸுக்கும் சேர்த்துக் கிடைத்தது. எனவே அச்சுப்பொறி வாங்கும்போது ‘லினக்ஸில் ஓடுமா’ என்று கேட்டுத் தோள் குலுக்கலை வாங்கிக்கொள்ள வேண்டாம். ‘ஏர்பிரின்ட் உண்டா’ என்று கேட்டால் போதும். பெட்டி மேலேயே அச்சிட்டிருக்கும்.

மற்றதற்கு ஒரு பென் டிரைவ் போதும். உபுண்டு, மின்ட், டெபியன் எதுவானாலும் அதில் ஏற்றி எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ போகும்போது, புதுப் பெட்டியை அதிலிருந்தே கிளப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் எதையும் தொடாமல் முழு லினக்ஸும் திரையில் வரும். ‘செக்யூர் பூட்’ தடுத்தால் பயாஸில் அதை அணைக்கக் கடைப் பையனுக்குத் தெரியும். வரைகலைக்குத் தனி அட்டை வேண்டாம். நினைவகம் 8 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. கேளுங்கள். திரை முழு அளவில் வருகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் கேட்கிறதா, வைஃபை கடைக்காரரின் கைபேசியோடு இணைகிறதா, கணினியைத் தூங்க வைத்து எழுப்பினால் எழுந்திருக்கிறதா, கடையில் இருக்கும் அச்சுப்பொறியில் ஒரு பக்கம் அடிக்கிறதா என்று பாருங்கள். ஐந்தும் சரியாக இருந்தால் பில் போடச் சொல்லலாம்.